மலையில் அடைமழை

நீலகிரியில் இரண்டு மழைக்காலங்கள் உண்டென்பதும், அவை ஒரே மலையின் இரு வேறு பக்கங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன என்பதும், கோடையில் மட்டும் அங்கே போய் வருகிறவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து வரும் பருவக்காற்று கூடலூர், அவலாஞ்சிப் பிரதேசங்களிலேயே தன் பாரத்தின் பெரும்பகுதியை இறக்கிவிடுவதால், கிழக்குச் சரிவை அடையும்போது அதனிடம் மிஞ்சியிருப்பது சாரலும் குளிருந்தான். ஐப்பசி பிறந்ததும் காற்றின் திசை மாறுகிறது. வங்காள விரிகுடாவின் ஈரத்தைச் சுமந்துகொண்டு வடகிழக்கிலிருந்து புறப்படும் மேகங்கள், சமவெளியின்மேல் தங்கியும் தயங்கியும் கடந்து வந்து, கோத்தகிரி, குன்னூர், கேத்தி முதலிய ஊர்களின்மேல் கவிகின்றன. அது முதல் கார்த்திகை முடியும்வரை அவ்வூர்களில் வெயில் என்பது எப்பொழுதாவது வந்து போகும் விருந்தாளியாகிவிடுகிறது.

மலையில் மழை ஏன் நாட்கணக்கில் நீடிக்கிறது என்ற கேள்விக்கு விடை மலையின் அமைப்பிலேயே இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. குன்னூரை எட்டுவதற்குள் அது 1,700 மீட்டருக்கு உயர்ந்தாக வேண்டும். உயரே செல்லச் செல்ல அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது. விரிவதற்கு வேண்டிய சக்தியைத் தன் உஷ்ணத்திலிருந்தே செலவிடுவதால் குளிர்கிறது. ஈரம் நிறைவுறாத காற்றாயின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி குளிரும். நிறைவுற்று நீர்த்துளிகளை உண்டாக்கத் தொடங்கிய காற்றாயின், ஆவி நீராகும்போது வெளிப்படும் மறைவெப்பம் அந்த நஷ்டத்தை ஓரளவு ஈடு செய்வதால், 5 அல்லது 6 டிகிரியே குளிரும். சமவெளியில் இடியோடு வரும் மேகம் தன் நீரைக் கொட்டிவிட்டுச் சில நாழிகைகளில் கலைந்து போகிறது; மலையிலோ, கடலிலிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருக்கும்வரை சரிவு அதைத் தூக்கிக்கொண்டே இருப்பதால், மேகமும் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. தொட்டபெட்டாவின் தோளில் பகல் முழுவதும் அசையாமல் கிடப்பதாகத் தோன்றும் வெண்மேகம் காலையில் கண்ட அதே மேகமன்று. ஒரு பக்கத்தில் ஓயாமல் பிறந்து மறுபக்கத்தில் ஓயாமல் கரைகின்ற, கணந்தோறும் புதிதாகின்ற மேகம் அது. 2,637 மீட்டர் உயரமுள்ள அச்சிகரம் குறுக்கே நிற்பதனாலேதான், குன்னூரில் மழை கொட்டுகிற பல நாட்களில் அதன் மேற்கே அமைந்த உதகமண்டலத்தில் வெறும் தூறலைப் பார்க்கிறோம்.

இத்தகைய காலத்தைக் கழிப்பது எப்படி என்று கேட்டால், கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு, கம்பளியைப் போர்த்துக்கொண்டு, மழை ஓயும்வரை காத்திருக்க வேண்டியதுதான் என்பதே பெரும்பாலோர் தரும் விடை. மழையை உள்ளே விடாமலிருப்பது பாதி வேலைதான் என்பதையும், எப்படியும் உள்ளே வந்துவிடுகின்ற நீரை வெளியே போக்குவதே கடினமான மறுபாதி என்பதையும், அந்த மறுபாதியை நாம் அநேகமாக மறந்துவிடுகிறோம் என்பதையும் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். வீட்டுக்கும், மனித சரீரத்துக்கும், வீடு நிற்கின்ற மலைச்சரிவுக்கும் இந்த ஒரே விதிதான் பொருந்துகிறது.

வீட்டிலிருந்து தொடங்குவோம். சமையலறையில் உப்பு ஜாடி ஒன்று இருக்கிறதல்லவா? விலையுயர்ந்த கருவி எதுவுமில்லாமல் காற்றின் ஈரத்தை அளந்து சொல்லக்கூடிய பொருள் அதுவே. காற்று தாங்கக்கூடிய அளவில் நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் ஈரம் சேர்ந்தவுடன், சுத்தமான உப்பும் காற்றிலுள்ள ஆவியைக் கிரகித்துக் கரையத் தொடங்குகிறது. கடல் உப்பில் சிறிது மக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால், கல்லுப்பு அதற்கும் முன்னதாகவே கசிந்துவிடும். சுவரிலும், செருப்பிலும், புத்தக அட்டையிலும் பூஞ்சணம் முளைப்பதற்கு அவற்றின் மேற்பரப்பில் ஏறக்குறைய 80 சதவீத ஈரம் நிலைத்திருக்க வேண்டும். ஆகவே, ஜாடியின் அடியில் நீர் கசிந்ததைக் கண்ட இல்லத்தரசி, அலமாரியில் அடுக்கிய பட்டுப்புடவைகளுக்கு இன்னும் சில நாட்களில் நேரப்போகிற கதியை முன்கூட்டியே அறிந்துகொண்டவளாகிறாள். பூஞ்சணத்தின் வித்துக்கள் எக்காலத்திலும் எவ்விடத்திலும் காற்றில் மிதந்துகொண்டேயிருக்கின்றன. அவற்றை ஒழிக்க எவராலும் இயலாது. அவற்றுக்கு நீர் கிடைக்காமல் செய்வதொன்றே நம்மால் ஆவது.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ஆச்சரியமான ஒரு விஷயம் புலப்படுகிறது. கூரை ஒழுகாத வீட்டில் ஈரத்தின் பெரும்பகுதியை உண்டாக்குகிறவர்கள் வீட்டில் வசிப்பவர்களேதான். உறங்குகின்ற மனிதன் ஒருவன் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை ஆவியாக வெளியிடுகிறான். நால்வர் எட்டு மணி நேரம் உறங்கினால் ஒன்றேகால் லிட்டருக்கு மேல் ஆகிறது. பத்தடி நீளமும் பத்தடி அகலமுமுள்ள சாதாரண அறையின் காற்று, 18 டிகிரி வெப்பத்தில், முழுமையாக நிறைவுற்றாலும் அரை லிட்டருக்குக் குறைவான நீரையே ஆவியாகத் தாங்கும். மிச்சம் எங்கே போகும்? விடியற்காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழிந்தோடுவதும், கட்டிலுக்குப் பின்னாலுள்ள வெளிச்சுவரின் மூலையில் கறுத்த திட்டாகப் படர்வதும் அந்த மிச்சமே. இதன்மேல் சோறு வடிக்கும் ஆவியும், வெந்நீர் ஆவியும், அறைக்குள் கொடி கட்டி உலர்த்திய துணிகளின் ஈரமும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. மழைக்குப் பயந்து அடைத்த ஜன்னல், வெளியிலிருந்து வரக்கூடிய ஈரத்தைக் காட்டிலும் அதிகமான ஈரத்தை உள்ளே சிறை வைத்துவிடுகிறது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழலாம். வெளியே மழை, வெளிக்காற்று முழுவதும் நிறைவுற்ற காற்று, அதை உள்ளே விட்டால் ஈரம் கூடாதா? கூடாது என்பதுதான் விஞ்ஞானம் தரும் விடை. 12 டிகிரி குளிரில் நிறைவுற்ற காற்றில், ஒரு கன மீட்டருக்கு 10½ கிராமுக்குச் சற்று அதிகமான நீராவிதான் இருக்க முடியும். அதே காற்று அறைக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால், அந்த வெப்பத்தில் அதற்கு 17 கிராம்வரை தாங்கும் சக்தி உண்டாகிவிடுவதால், அதன் ஈரம் 100 சதவீதத்திலிருந்து சுமார் 60 சதவீதமாகத் தாழ்ந்துவிடுகிறது. சூடேற்றப்பட்ட குளிர்காற்று வறண்ட காற்று. எனவே கொஞ்சம் உஷ்ணமும், எதிரெதிரான இரண்டு ஜன்னல்களைக் காலையிலும் மாலையிலும் கால் மணி நேரம் விரியத் திறந்து வைத்தலும் சேர்ந்தால், அடைமழையின் நடுவிலும் வீட்டை உலர்த்த முடியும். இவ்விரண்டில் ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்வதால் அவ்வளவு பயனில்லை. உஷ்ணத்தை மட்டும் கூட்டி ஜன்னலை அடைத்து வைத்தால், ஆவி அறையிலேயே தங்கி, குளிர்ந்த மூலைகளைத் தேடிச் சென்று படிகிறது. ஜன்னலை மட்டும் திறந்து அடுப்பை அணைத்துவிட்டால், சுவர்கள் குளிர்ந்து போகின்றன. அலமாரிகளைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைக்க வேண்டும் என்று பழைய குடித்தனக்காரர்கள் சொல்வதற்கும் இதுவே காரணம்: காற்றோட்டமில்லாத இடைவெளியில் சுவர் சூடேறுவதில்லை, சூடேறாத சுவரில் நீர் படியாமலிருப்பதில்லை.

விறகைப் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீர். ஒரு கிராம் நீரை ஆவியாக்க 580 கலோரி உஷ்ணம் வேண்டியிருப்பதால், ஈரவிறகை எரிக்கிறவன் தீயின் ஒரு பங்கை அதிலுள்ள நீரைக் கொதிக்க வைப்பதற்கே செலவிட்டு, புகையை லாபமாகப் பெறுகிறான். ஐப்பசியில் எரிக்க வேண்டிய கட்டையை மாசி, பங்குனி வெயிலிலேயே பிளந்து அடுக்கிவிட வேண்டும். ஆடிச் சாரலுக்கும் ஐப்பசி மழைக்கும் இடையே கிடைக்கும் சில வாரங்களை நம்பியிருப்பது சரியாகாது.

கணப்பைப் பற்றிப் பேசும்போது, மிகுந்த கவலையோடு சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. மலையூர்களில் குளிர்காலந்தோறும், கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு கதவடைத்து உறங்கியவர்கள் காலையில் எழாமற் போன செய்தி வந்துகொண்டேயிருக்கிறது. கரி கனன்று எரியும்போது, போதிய பிராணவாயு கிடைக்காவிட்டால், கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, மூச்சுக்குழலை உறுத்தும் குணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு பிராணவாயு சேருவதைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றோடு அது சேர்ந்துகொள்வதால், நுரையீரல் நிறையக் காற்றிருந்தும் மூளை பட்டினி கிடந்து மடிகிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில் ஜே. எஸ். ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் சரீர சாஸ்திர நிபுணர் அந்த வாயுவைத் தாமே சுவாசித்துப் பரிசோதித்தார்; சிந்திக்கும் சக்தி முதலில் மங்குவதால், அபாயத்தில் இருப்பவன் தன் அபாயத்தைத் தானே உணர மாட்டான் என்பதுதான் இவ்விஷயத்தில் மிகக் கொடிய அம்சம். புகை இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்று எண்ணிக் கனன்ற கரியை உள்ளே கொண்டு வருகிறவர்கள் புகையுள்ள விறகைக் காட்டிலும் கொடிய ஒன்றைக் கொண்டு வருகிறார்கள். புகைபோக்கி இல்லாத அறையில் கரித்தணலோடு உறங்கலாகாது. ஜன்னலைச் சிறிது திறந்து வைத்தால் போதும் என்ற சமாதானமும் வேண்டாம்.

இனி மனித சரீரம். உறைபனி விழுகின்ற இரவைவிட 10 டிகிரிக் குளிரில் நனைந்து நிற்கும் மாலைப்பொழுது அபாயகரமானது என்று சொன்னால் நம்புவது கடினம். ஆனால் கணக்கு அதைத்தான் சொல்லுகிறது. துணி நமக்குத் தரும் கதகதப்பு உண்மையில் அதன் இழைகளுக்கிடையே அடைபட்ட காற்று தரும் கதகதப்பே. அந்தக் காற்றை விரட்டிவிட்டு நீர் அவ்விடத்தில் குடியேறினால், நீர் காற்றைவிட ஏறக்குறைய இருபத்துநான்கு மடங்கு எளிதில் உஷ்ணத்தைக் கடத்துவதால், உடை உடையாக இருந்தும் இல்லாததற்குச் சமமாகிறது. அதோடு நின்றுவிடவில்லை: துணியில் தங்கிய ஒரு லிட்டர் நீரை உடற்சூட்டினாலேயே உலர்த்த வேண்டுமானால், சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் ஏழெட்டு மணி நேரத்தில் உற்பத்தி செய்கின்ற உஷ்ணம் முழுவதும் அதற்கே செலவாகிவிடும். பருத்தித் துணி நனைந்தவுடன் தொய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்கிறது. ஆட்டுக் கம்பளியோ, தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாமலிருப்பது மட்டுமன்றி, அந்த ஈரத்தைக் கிரகிக்கும்போது சிறிது உஷ்ணத்தையும் வெளியிடுகிறது. இழைகள் சுருண்டிருப்பதால் நனைந்த பின்னும் காற்றறைகள் ஓரளவு மிஞ்சுகின்றன.

1964ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மேட்டு நிலத்தில் நடந்த நெடுநடைப் போட்டியொன்றில், மழையும் காற்றும் கூடிய குளிரில், திடகாத்திரமான இளைஞர்கள் மூவர் உயிரிழந்தனர். 1953ஆம் ஆண்டின் எவரெஸ்ட் யாத்திரையில் சரீர சாஸ்திரியாகச் சென்றிருந்த கிரிஃபித் பியூ அத்துயரச் சம்பவத்தை ஆராய்ந்து, ஆய்வுக்கூடத்தில் நனைந்த உடையோடும் செயற்கைக் காற்றோடும் சோதனைகள் செய்து, களைப்பு மிகுந்து நடை தளர்ந்தவுடன் உடலின் உஷ்ண உற்பத்தி குறைவதும், நனைந்த உடை காப்புத்தன்மையை இழப்பதும் ஒருங்கே நேரும்போதுதான் சரீரம் சரிகிறது என்பதை நிறுவினார். பனிமலையில் அல்ல, சாதாரணக் குன்றுகளில் நேர்ந்தது அது. கோணிச் சாக்கை மடித்துக் கொங்காடையாகப் போட்டுக்கொண்டோ, பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டோ நம் மலையில் நாள் முழுவதும் தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் வேலை நடக்கும்போது குளிரை உணராமலிருந்து, எடை போடும் இடத்தில் வரிசையில் நிற்கும்போது நடுங்கத் தொடங்குவதை இந்த ஆராய்ச்சியின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தாள் மழையைத் தடுக்கிறது. வியர்வை வெளியேறவும் வழியில்லாமல் செய்கிறது. வேலை நின்றவுடன் உள்ளாடையை மாற்றுவதற்கு ஓரிடமும், உலர்ந்த மாற்றுத்துணியும், சூடான பானமும் கொடுப்பதைத் தோட்டத்தின் தயாளமாகக் கருதாமல், தொழிலாளியின் உயிர்க்காப்புக்கு இன்றியமையாத ஏற்பாடாகவே கருத வேண்டுமென்பது என் திடமான எண்ணம். நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, கால் பின்னுகிறதானால், அது குணமடைந்ததன் அடையாளமல்ல, நிலைமை முற்றியதன் அடையாளம். அப்பொழுது பிராந்தி கொடுப்பதைப்போன்ற தீங்கு வேறில்லை. மதுவினால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, மிஞ்சியிருக்கும் உஷ்ணத்தையும் வெளியே கொட்டிவிடுகின்றன.

பல நாட்கள் சூரியனைக் காணாததால் மனத்தில் ஏற்படும் சோர்வைக் குறித்தும் சிலர் கேட்பதுண்டு. வட தேசங்களில் குளிர்காலச் சோர்வை 1984இல் நார்மன் ரோசென்தால் முதலியோர் ஒரு நோயாக வகுத்துரைத்தனர். ஆனால் அங்கே பகற்பொழுதே சுருங்கிவிடுகிறது. பூமத்தியரேகைக்கு வடக்கே 11 டிகிரியிலுள்ள நீலகிரியில் கார்த்திகை மாதப் பகலும் பதினொன்றரை மணி நேரம் நீள்வதால், அந்த நோயின் பெயரை இங்கே அவசரப்பட்டுச் சூட்டுவது பொருந்தாது. இங்கே குறைவது பகலன்று, ஒளி. அதுவும் நாம் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதால் குறைவது. கருமேகம் மூடிய வானத்தின் கீழும் சில ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கிறது. விளக்கேற்றிய அறையில் கிடைப்பதோ சில நூறு மட்டுமே. உடலின் நாட்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்ற, ஒளியை உணரும் தனி உயிரணுக்கள் கண்ணின் உட்திரையில் உண்டென்பதை 2002இல் கண்டறிந்தார்கள். மழை சற்றுத் தணிந்த முற்பகலில் குடையை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்துவிட்டு வருகிறவன் அந்த உயிரணுக்களுக்கு வேண்டியதைக் கொடுத்துவிடுகிறான்.

வீட்டையும் உடலையும் காத்த பிறகு, இரண்டையும் தாங்கி நிற்கும் மண்ணுக்கு வருகிறோம். 2009ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் தேதி பதிவான கணக்குப்படி கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். ஆகவே ஒரு ஏக்கர் நிலத்தின்மேல் அன்று இறங்கிய நீரின் எடை மூவாயிரம் டன்னுக்கு மேல். நீலகிரியெங்கும் சரிவுகள் பெயர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1993 நவம்பரிலும் மரப்பாலம் என்னும் இடத்தருகே மலை இடிந்து இதுபோன்ற கோரம் நிகழ்ந்திருக்கிறது.

நீரின் பாரத்தால் மண் சரிகிறது என்று பொதுவாகச் சொல்வது முழு உண்மையன்று. நீலகிரியின் உறுதியான பாறையின்மேல், யுகயுகாந்தரமாக மழையும் வெயிலும் சிதைத்ததால் உண்டான செம்மண் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்திருக்கிறது. அதன் துகள்கள் ஒன்றன்மேலொன்று அழுந்தி உராய்வதால் சரிவு நிற்கிறது. நீர் இறங்கித் துகள்களின் இடைவெளிகளை நிரப்பி, வெளியேற வழியில்லாமல் தேங்கினால், அந்த நீரே அழுத்தம் பெற்றுத் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தூக்குகிறது, உராய்வு குறைகிறது, சரிவு தன் எடையைத் தானே தாங்க மாட்டாமல் இறங்குகிறது. மண்ணின் உறுதி அதன் மொத்த பாரத்தைப் பொறுத்ததன்று, பாரத்திலிருந்து நீரின் அழுத்தத்தைக் கழித்து மிஞ்சுவதைப் பொறுத்தது என்ற இந்தத் தத்துவத்தை உலகுக்கு அளித்தவர், மண் இயந்திரவியலின் தந்தை என்று போற்றப்படும் கார்ல் டெர்சாகி. சரிவைச் செங்குத்தாக வெட்டி வீடு கட்டுகிறவர்களும், ஓடை சென்ற பள்ளத்தைத் தூர்த்துப் பாதை போடுகிறவர்களும், தடுப்புச்சுவரின் கசிவுத் துளைகளைப் பார்வைக்கு அழகாயில்லை என்று சிமென்டால் பூசி மூடுகிறவர்களும் இந்தத் தத்துவத்துக்கு எதிராகக் காரியம் செய்கிறார்கள். புல்வெளியும் சோலைக்காடும் ஈரத்தைத் தம் வேர்களால் கட்டுப்படுத்தி மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த இடங்களில் அவ்வாறு செய்யும்போது, அபாயம் இரட்டிப்பாகிறது.

எவ்வளவு மழை பெய்தால் பயப்பட வேண்டும்? 1980இல் நெல் கெய்ன் என்ற புவியியல் அறிஞர், உலகின் பல பாகங்களில் நிகழ்ந்த 73 சரிவுகளின் மழைக்கணக்கைத் திரட்டி, மழையின் வேகத்தையும் நீடிப்பையும் இணைக்கும் எல்லைக்கோடு ஒன்றை வரைந்தார். அக்கோட்டின்படி, ஒரு நாள் முழுவதும் நீடிக்கும் மழையாயின் 100 மில்லிமீட்டர் அளவிலேயே ஆழமில்லாத சரிவுகள் தொடங்கக்கூடும். ஒவ்வொரு மலைக்கும் எல்லை வேறுபடும். முன்பே பல நாட்கள் பெய்து ஊறிய மண்ணில் அது இன்னும் தாழ்ந்துவிடும். பெய்த மழையை அளப்பதற்கு நவீன கருவி எதுவும் அவசியமில்லை. பக்கங்கள் நேராயுள்ள தகரக் குவளை ஒன்றைத் திறந்த முற்றத்தில் வைத்து, அதில் தேங்கிய நீரின் ஆழத்தை அடிக்கோலால் காலையும் மாலையும் அளந்தால் போதும். குவளையின் வாய் அகலமாயினும் குறுகலாயினும் ஆழத்தின் கணக்கு மாறாது. மலைச்சரிவிலுள்ள ஒவ்வொரு பள்ளியும் இதைச் செய்ய வேண்டுமென்று விரும்புகிறேன். அதோடு, வீட்டுக்கு மேற்புறத்தில் தரையில் புதிதாகத் தோன்றும் பிளவு, நேராயிருந்த மரமோ மின்கம்பமோ சாய்தல், தடையின்றித் திறந்துகொண்டிருந்த கதவு திடீரென்று நிலையில் இறுகுதல், தெளிவாயிருந்த ஊற்று சேறாதல், மழை வலுத்திருக்கும்போதே ஓடையில் நீர் குறைதல் ஆகிய அடையாளங்களைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மிகவும் கொடியது. மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை அடைத்துவிட்டது என்பதும், அந்த அடைப்பு உடையக்கூடும் என்பதும் அதன் பொருள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், சாமான்களை எண்ணாமல், இருட்டுவதற்கு முன்பே, ஓடையின் வழியை விட்டு விலகி, மேட்டுப்பாங்கான இடத்துக்குச் சென்றுவிட வேண்டும்.

மழை ஓய்ந்ததும் திரும்பிவிடுவதும் பிழையாகும். மேலே விழுந்த நீர் செம்மண்ணின் ஆழத்தில் நிதானமாகவே இறங்குவதால், சில சரிவுகள் வானம் வெளுத்து வெயிலடித்த பிறகே பெயர்கின்றன. சுவரின் கசிவுத் துளைகளிலிருந்தும் அருகிலுள்ள ஊற்றிலிருந்தும் வரும் நீர் சேறு கலவாமல் தெளிந்து வருகிறதா, நாளுக்கு நாள் குறைந்து வருகிறதா என்று பார்த்து, முன்பு கண்ட பிளவுகள் அகலவில்லை என்பதையும் தெரிந்துகொண்டு, அதன் பின்னரே சரிவின் கீழுள்ள அறையில் மறுபடியும் படுக்கை விரிக்க வேண்டும்.